ஞானசெல்வியின் தூசிப் படம்

மகள் பெயர் புத்தகத்தில் வரும் என்று ஜெபமாலை ஆவூர் முழுக்கச் சொல்லி ஆறு வருஷமாயிற்று. கேலி பண்ணிப் பண்ணி ஊருக்கே அலுத்துவிட்டது, அவருக்கு அலுக்கவில்லை.

அந்த மகள் ஞானசெல்வி மலைமேல் ஒரு வான் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக வேலை பார்த்தவள். அடுத்திருக்கும் நட்சத்திர மண்டலம் ஒன்றை நீல ஒளியில் ஒரு கண்ணாடித் தகட்டிலும் சிவப்பில் இன்னொன்றிலும் படம் பிடித்திருப்பார்கள். இரண்டையும் புள்ளி புள்ளியாக ஒப்பிட வேண்டும். நட்சத்திரங்களுக்கு நடுவே கிடக்கும் தூசி நீலத்தைத்தான் அதிகம் விழுங்கும். நீலம் குறைகிற இடமெல்லாம் தூசி. கண் பூத்துப்போக அவள் வரைந்த படத்தில் பாதி மண்டலத்தைத் தூசி மூடியிருந்தது. அப்படியானால் அந்த நட்சத்திரங்கள் மங்கித் தெரிவது தூரத்தால் மட்டுமல்ல. மங்கலை வைத்துப் போட்டு, ஆய்வுக்கூடத் தலைவர் புரொபசர் சிவசாமிக்குப் பேர் வாங்கிக் கொடுத்த தூரக் கணக்கே தப்பு.

அவர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள். கோபப்படவில்லை. அதெல்லாம் தகட்டில் விழுந்த கறை, தூசியில்லை என்று எழுதிக் கொடுத்தால் வேலை நிரந்தரம் என்றார். எழுதிக் கையெழுத்தும் போட்டாள், பாவி. வேலை அவர் மருமகனுக்குப் போயிற்று. இவள் ஆவூருக்கே கணக்கு டீச்சராக வந்து சேர்ந்தாள். அப்பா கேட்கும்போதெல்லாம், வரும் வரும் என்று சொல்லிவைத்தாள்.

அறுபத்தொன்றாம் வருஷம் ஆய்வுக்கூடத்து இங்கிலீஷ் சஞ்சிகை தபாலில் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் அதே தூசியை அதே இடங்களில் கண்டுபிடித்துவிட்டார்களாம். சிவசாமி விளக்கம் எழுதியிருந்தார்: தனக்கு அன்றைக்கே சந்தேகம்தான், உதவியாளர் ஜே. ஞானசெல்வி தூசியே இல்லையென்று எழுதிக் கொடுத்ததை நம்பி ஏமாந்துவிட்டாராம். அவளுக்கு ஆத்திரம். பாதி அவர்மேல், பாதி கையெழுத்துப் போட்ட தன் கைமேல்.

வயலிலிருந்து வந்த ஜெபமாலை புத்தகத்தைப் பார்த்துவிட்டார். "ஒம்பேரு வந்திருக்கா ஆத்தா?"

இல்லை என்றிருக்கலாம். ஆறு வருஷமாகச் சொன்ன பொய்யே முந்திக்கொண்டது.

"வந்திருக்குப்பா. இந்தா, இங்கிட்டு" என்று விரல் வைத்துக் காட்டினாள்.

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அந்த எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. கேலி பண்ணினவனையெல்லாம் கூட்டிவைத்துப் பங்குச் சாமியாரை விட்டே வாசிக்கச் சொல்கிறேன் என்று துண்டை உதறித் தோளில் போட்டார். அவள் கூப்பிடுவதற்குள் புத்தகத்தோடு கோயில் முக்கைத் தாண்டிவிட்டார்.

சாமியாருக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும்.