என் கதையில் இல்லாத பொத்தான்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு தோழிகள் ஒருநாள் ஊர் சுற்றப் போன கதை என்று நம்பி உள்ளே வந்துவிட்டுப் பிறகு என்னைத் திட்டக் கூடாது.

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். "அன்று காலை வானம்" என்று தொடங்கி அடித்துவிட்டேன்; வானத்தை யார் பார்த்தார்கள்? "நட்பு என்பது" என்பதையும் அடித்தேன். "அவள் ஒரு திருடி" என்ற வரி பிடித்திருந்தது. ஆனால் அவள் என்னிடமிருந்து எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். என் வயிற்றெரிச்சலே அதுதான்.

2

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். மாலையில் வீட்டுக்குப் போய்க் கதை எழுதுவேன். பதினோரு கதைகள் சிறு பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னவர் உலகத்தில் ஒரே ஒருவர், என் அப்பா. (பத்திரிகை ஆசிரியர்களைச் சேர்க்கவில்லை. அவர்கள் "பக்க நெருக்கடியால் சற்றுக் குறைத்திருக்கிறோம்" என்று மட்டுமே சொல்வார்கள்.)

அவள் பக்கத்துக் கடையில் சாவி வெட்டுபவள். நான் அவளைச் சாவி என்று கூப்பிடுவேன், அவள் என்னைப் பவர் என்பாள். ஒரு வரி எழுதியவள் இல்லை. ரசீதில் கையெழுத்துப் போடவே சோம்பல்படுவாள். அவள் கடைக்குச் செவ்வாய் விடுமுறை, என் கடைக்கு ஞாயிறு. செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குப் போய் அப்பாவோடு பேசிக்கொண்டிருப்பாள். தனியாக இருப்பவருக்குப் பேச்சுத் துணை என்று நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

[இந்த இடத்தில் அவளைக் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவளாக எழுதிப் பார்த்தேன். பாத்திரம் ஒத்துழைக்கவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் கடையைப் பூட்டிவிட்டு என் கடையைப் பார்த்துக்கொண்டவளை எப்படிக் கெட்டவளாக்குவது?]

3

ஒரு புதன்கிழமை காலை எங்கள் கடைகள் இருக்கும் கட்டடத்தில் மின்சாரம் போய்விட்டது. மாலைதான் வரும் என்றார்கள். அவளுடைய இயந்திரமும் ஓடாது, பார்வை சோதிக்கும் என் எழுத்துப் பலகையிலும் விளக்கு எரியாது. முதலில் வருகிற பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போவோம் என்றாள். எங்கே போகும் என்று கேட்டதற்கு, தெரிந்துவிட்டால் அப்புறம் எதற்குப் போவது என்றாள்.

(இது நான் எழுதியிருக்க வேண்டிய வசனம். அவள் வாயிலிருந்து சும்மா விழுகிறது.)

கடைசி நிறுத்தம் ஒரு ஏரி. மிதிபடகு வாடகைக்கு எடுத்தோம். இருவரும் சேர்ந்து மிதித்தால்தான் அது நேராகப் போகும். ஏரி நடுவில் காற்று நன்றாக இருந்தது. அந்தக் காற்றில்தான் என் வாய் சும்மா இருக்கவில்லை.

4

முந்தின நாள் இரவு அப்பா என் புதுக் கதையைப் பாராட்டியிருந்தார். இறந்துபோன தம்பியின் துணிகளை மூட்டை கட்டி யாருக்கோ கொடுத்துவிடும் ஒருவரைப் பற்றிய கதை அது. மூட்டை கட்டுவதற்கு முன் அந்த மனிதர் ஒரு சட்டையில் அறுந்திருந்த பொத்தானை உட்கார்ந்து தைக்கிறாரே, அந்த இடத்தில் தனக்கு அழுகை வந்துவிட்டது என்றார் அப்பா. கதையில் பொத்தானே கிடையாது. பத்திரிகையை எடுத்து இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இல்லை.

இதை அவளிடம் சொன்னேன். அப்பாவுக்கு மறதி நோய் தொடங்கிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது, டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்றேன். அவள் மிதிப்பதை நிறுத்தினாள்.

"அப்பாவுக்கு மூளையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்தப் பொத்தான் நான் வச்சது."

எனக்குப் புரியவில்லை.

"உன் கதைய அவருக்கு நான்தான் வாசிச்சுக் காட்டுறேன். அந்த ஆளு மூட்டை கட்டுற இடத்துல எனக்கு என்னமோ பத்தல. வாயில வந்துச்சு, சொல்லிட்டேன்."

"எத்தன கதையில இப்படிச் செஞ்ச?"

"கொஞ்சம்."

"எத்தனடி?"

"எல்லாத்துலயும். கொஞ்சம் கொஞ்சம்."

நான் மட்டும் மிதித்தேன். படகு நின்ற இடத்திலேயே சுற்றியது.

5

ஒரு மகள் முதலில் என்ன கேட்டிருக்க வேண்டும்? அப்பாவுக்கு ஏன் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது என்றல்லவா? நான் எத்தனை கதை என்று கேட்டேன். மாற்றி எழுதிவிடலாம், உங்களுக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனாலும் அப்படியே விட்டுவைக்கிறேன்.

பிறகுதான் கேட்டேன். அப்பாவுக்கு எழுத்துக் கண்ணுக்குத் தெரியாமல் போய் ஒன்றரை வருடம் ஆகிறதாம். அவள்தான் கண் டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறாள். இனிச் சொட்டு மருந்துதான், போனது திரும்பாது என்றிருக்கிறார்கள். என்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"கண் டெஸ்ட் பண்ற பொண்ணு, அப்பா கண்ணையே கவனிக்கலன்னு மனசு ஒடிஞ்சுடுவான்னு சொன்னாரு."

நான் கவனிக்காமல் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவரைக் கடையில் உட்காரவைத்துச் சோதித்தேன். கடைசி வரி வரை தடங்கலில்லாமல் சொன்னார். பல வருடங்கள் என் கடையில் வந்து உட்கார்ந்தே அந்தப் பலகையை மனப்பாடம் செய்திருக்கிறார். அதை நான் மாற்றவே இல்லை.

அழுகை வந்தது. ஆனால் அழுகைக்கு அடியில் வேறொன்று எரிந்துகொண்டிருந்தது. கொடுத்துவிடப் போகிற சட்டைக்கு உட்கார்ந்து பொத்தான் தைக்கும் மனிதர். எனக்கு ஏன் அது தோன்றவில்லை? மூன்று மாதம் அந்தக் கதையோடு கிடந்தேன். பூட்டையும் சாவியையும் தவிர வேறெதையும் பார்க்காதவள் வாசிக்கிற வேகத்தில் அதைச் செய்துவிட்டாள். எனக்கு இருந்த ஒரே பாராட்டு, அதுவும் அவளுக்குப் போய்ச் சேர வேண்டியது.

கரையிலிருந்து படகுக்காரர் விசில் ஊதினார், நேரம் முடிந்துவிட்டதென்று. இருவரும் மிதித்துத்தான் கரைக்கு வந்தோம். திரும்பும் பஸ்ஸில் வேறு வேறு இருக்கைகளில் உட்கார்ந்தோம்.

6

முடிவுகள்:

(அ) நான் அவளைக் கட்டிக்கொள்கிறேன். "நீயும் எழுது" என்கிறேன். பொய். அவள் எழுதிவிடக் கூடாது என்று நான் வேண்டிக்கொள்கிறேன்.

(ஆ) அவள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடுகிறேன். செவ்வாய்க்கிழமைகளில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து — இதை எழுத முடியவில்லை.

(இ) நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, இந்தக் கதையை இதற்கு முந்தின பகுதி வரை அப்பாவுக்கு நானே வாசித்துக் காட்டினேன். அவருடைய ரகசியம் எனக்குத் தெரியும் என்பதை வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பலகை வரும் இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். முடித்ததும் தாள்களை அடுக்கி மடியில் வைத்தேன். நான் காத்திருந்தேன். ஆமாம், பாராட்டுக்காகத்தான்.

"நல்லாத்தாம்மா இருக்கு," என்றார். "அவள ஒரு தடவ வாசிக்கச் சொல்லேன். நீ வாசிச்சா உன் கதை மாதிரியே இல்ல."

7

செவ்வாய்க்கிழமை அரைநாள் கடையை மூடினேன். அவளிடம் தாள்களைக் கொடுத்துவிட்டு அடுத்த அறையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். அவள் வாசித்தாள். தன்னைத் திருடி என்று எழுதிய இடத்தில் சிரித்தாள். அப்பா மூன்று இடங்களில் "ஆஹா" என்றார். மூன்றும் என் தாளில் இல்லாதவை. மூன்றையும் குறித்துக்கொண்டேன்.

அவற்றை இந்தக் கதையில் சேர்த்தேனா இல்லையா என்று சொல்லமாட்டேன். முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு உதவி மட்டும் கேட்கிறேன். இதில் ஏதாவது ஓர் இடம் உங்களைத் தொட்டிருந்தால், எந்த இடம் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.