கமலநாதன் வழக்கை வாபஸ் வாங்கினார்

மொழிபெயர்ப்பாளருக்குக் கோபம் வரக்கூடாது என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் கமலநாதனைச் சந்தித்ததில்லை.

ஆக்லாந்தின் ஒனிஹங்காவில், அவருடைய வக்கீல் ஹெலனின் அலுவலகத்தில் நானும் ஹெலனும் உட்கார்ந்திருந்தோம். திரையில் கமலநாதன், தெற்குத் தீவின் ஒரு சிறையிலிருந்து. குடித்துவிட்டுக் காரோட்டி ஒருவரை இடித்ததற்குத் தண்டனை. அதை அவர் மறுத்ததே இல்லை. ஆனால் ஆக்லாந்தில் அவரை வைத்திருந்த சிறையில், ஆள் பற்றாக்குறை என்று சொல்லி இன்சுலினை நேரத்துக்குக் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். வலது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்காக அரசின் மேல் வழக்குப் போட்டார். ஒன்பதாம் நாளே அவரைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டார்கள். இட நெருக்கடியாம். ஆக்லாந்தின் ரானுயியில் இருக்கும் மனைவி நிசாந்தினியும் ஆறு வயது மகளும் ஐந்து மாதமாக அவரைப் பார்க்கவில்லை.

இப்போது வழக்கை வாபஸ் வாங்குகிறேன் என்கிறார்.

“ஏன் என்று கேளுங்கள்,” என்றார் ஹெலன். கேட்டேன்.

கமலநாதன் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு வேகமாகச் சொன்னார். “கேஸ் இல்லையெண்டால் திரும்ப ஆக்லாந்துக்கு அனுப்புறது லேசு எண்டு ஒரு ஆபீசர் சொன்னவர். இதை லோயருக்குச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா. எனக்குப் பிள்ளையைப் பாக்கோணும்.”

கால்விரலை எடுத்தவர்கள் இப்போது பிள்ளையைக் காட்டிப் பேரம் பேசுகிறார்கள். அறையில் பேசிய எதையும் மொழிபெயர்க்காமல் விடக்கூடாது என்பது எங்கள் விதி. விதி இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன். “சொல்லாதேங்கோ” என்றது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். திரையில் அவர் தலை குனிந்துகொண்டார்.

“அந்த அதிகாரியின் பெயர்?” என்று கேட்டார் ஹெலன்.

“தெரியாது.”

“பக்கத்தில் வேறு யாராவது இருந்தார்களா?”

“இல்லை.”

ஹெலன் பேனாவை மேசையில் வைத்தார். “இதை நிரூபிக்க முடியாது. முயன்றாலும் ஒரு வருடமாகும். அதுவரை நீங்கள் அங்கேதான். முடிவு உங்களுடையது.”

“அப்ப வாபஸ் எடுப்பம்,” என்றார் கமலநாதன்.

உண்மையைச் சொன்னால் ஏதாவது நடக்கும் என்று நம்பினேனே, அந்த முட்டாள்தனத்தை என்னவென்று சொல்ல. அரசுத் தரப்பு ஏற்கெனவே ஒரு வாசகம் அனுப்பியிருந்தது. அரசு தன் வழக்குச் செலவை அவரிடம் கேட்காமல் இருக்க வேண்டுமானால், கமலநாதன் அதை வாய்விட்டுச் சொல்லிப் பதிவுசெய்ய வேண்டும். ஹெலன் என் முகத்தைப் பார்க்காமல் பதிவுக் கருவியை என் பக்கம் நகர்த்தினார்.

அவர் “நான்” என்றால் நானும் “நான்” என்றே சொல்ல வேண்டும். அதுதான் முறை. அவர் தமிழில் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

“நான் முழுமனதோடு இந்த வழக்கைக் கைவிடுகிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை.”

என் குரல் தெளிவாகப் பதிவாகியிருப்பதாக மறுநாள் அரசுத் தரப்பிலிருந்து நன்றி சொல்லி எழுதியிருந்தார்கள்.