எழுப்பாத வீடு

எங்கள் வீட்டில் தூங்குகிறவர்களை யாரும் எழுப்புவதில்லை. வீடு தீப்பிடித்தால்கூடச் சத்தம் போடாமல் தண்ணீர் ஊற்றுவார்கள். அம்மாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. அண்ணன் ஒரு கிடங்கில் இரவுக் காவல். அப்பா விடியற்காலை முதல் பஸ் ஓட்டுகிறவர், இருட்டுவதற்குள் படுத்துவிடுவார். எந்நேரமும் யாராவது ஒருவர் தூங்குவார். காலிங் பெல் வயரை அப்பா எப்போதோ பிடுங்கிவிட்டார். கதவு இடுக்கில் துணி சொருகியிருக்கும். சண்டையைக்கூடக் கிசுகிசுவென்றுதான் போடுவோம்.

கால்நடை மருத்துவக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வன்று இந்தப் பாசக்காரக் கூட்டம் என்ன செய்தது தெரியுமா? நான் ஆறு மணிக்கு அலாரம் வைத்திருந்தேன். வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே வந்த அண்ணன், அது ஒரு தடவை சிணுங்கியதுமே ஓடிவந்து அமுக்கிவிட்டான். அடுத்து வந்த அம்மா, என் முகத்தில் வெயில் படுகிறதென்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். பத்து மணிக்கு வந்த அப்பா போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

நானாகக் கண் விழித்தபோது பத்தரை. தேர்வு மையத்தின் கேட்டை ஒன்பதுக்கே மூடியிருப்பார்கள். வீடு கட்டிய நாளிலிருந்து கேட்காத சத்தத்தில் நான் கத்தினேன்.

"நீ படிக்கறதுக்குத்தான் அலாரம் வெச்சிருக்கேன்னு நெனச்சேன். பரீட்சை மத்தியானம்தானே?" என்று அண்ணன் திருதிருவென்று விழித்தான்.

"யார் சொன்னா மத்தியானம்னு?"

"எனக்கு மத்தியானம்தானே வெச்சாங்க."

"நீ எழுதினது டிரைவிங் லைசென்ஸுக்குடா!"

அம்மா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "நீ அசந்து தூங்கறதப் பார்த்ததும் எனக்கும் மத்தியானம்தான் போலன்னு தோணிடுச்சு. பாவி நான், தொட்டு எழுப்பியிருக்கலாம்." இருந்த எல்லாக் கதவுகளையும் அறைந்து சாத்தினேன். துணி சொருகியிருந்ததால் ஒன்றுகூடச் சரியாக அறையவில்லை, அந்த எரிச்சல் வேறு.

கல்லூரி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "அந்த மார்க் இல்லாம விண்ணப்பத்தையே எடுத்துக்க மாட்டோம்மா," என்றார் அங்கிருந்த அம்மாள். "அடுத்த மாசம் ஒரு தடவை வைக்கிறாங்க. அதையும் விட்டா இந்த வருஷம் அவ்வளவுதான்." எட்டாம் வகுப்பிலிருந்து எனக்கு இருந்த ஒரே ஆசை ஒற்றை நூலில் தொங்கியது.

அடுத்த மாதம் அந்த நாள் வந்தது. விடியுமுன் வீடே அதிரும்படி காலிங் பெல் அடித்தது. அப்பா வயரை மாட்டியிருந்தார். வாசலில் நின்று பட்டனை அமுக்கிக்கொண்டிருந்ததும் அவர்தான். அன்றைக்கு லீவு போட்டிருந்தார். அண்ணனும் அம்மாவும் வேலையிலிருந்து முன்னதாகவே வந்திருந்தார்கள். அண்ணன் என் காதருகே தட்டைத் தட்டினான். தொழிற்சாலையிலிருந்து மாவு படிந்த கையோடு வந்த அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எழுந்திரு கண்ணு, எழுந்திரு."

"முழிச்சுட்டேம்மா, விடு."

"கண்ணத் தொறந்து காட்டு."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அம்மா என்னை எழுப்பியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அத்தனை கோபமும் அந்தக் கை பட்டதும் எங்கே போனதென்றே தெரியவில்லை.

மூன்று பேரும் கூடவே வந்தார்கள். கேட் திறப்பதற்கு வெகுமுன்பே போய் நின்றோம். அண்ணன் காவல்காரரிடம் மூன்று தடவை நேரம் கேட்டுத் திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். நான் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தபோதும் கம்பிகளுக்கு நடுவே மூன்று முகங்களும் அப்படியே இருந்தன.

தேர்வை நன்றாக எழுதினேன். அடம்பிடித்த கடைசிக் கணக்குகூட வந்துவிட்டது. சொல்ல வாய் துறுதுறுக்க வெளியே ஓடிவந்தேன்.

மதிலோர பெஞ்சில் மூவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. அம்மா என் தண்ணீர் பாட்டிலை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"உங்க ஆளுங்கதானே? எழுப்பட்டுமா?" என்றார் காவல்காரர்.

"வேணாங்கண்ணா," என்றேன், கிசுகிசுப்பாக. "ராத்திரி பூரா முழிச்சிருந்தவங்க."

மதிலைத் தாண்டி வந்த வெயில் அம்மாவின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அதை மறைத்தபடி போய் நின்றுகொண்டேன்.