காலியாக ஓட்டக் கூடாது

அந்த மின்சாதனக் கடையின் இரண்டாவது மாடியில் தினமும் பதினோரு மணிக்கு மைக்ரோவேவ் ஓவன் டெமோ நடக்கும். முன்வரிசை நாற்காலிகளில் இரண்டு மட்டும் எழுதப்படாத சாசனப்படி இரண்டு பேருக்குச் சொந்தம். ஒன்றில் ஓய்வுபெற்ற நர்ஸ் உட்காருவார். கடைக்காரர்களுக்கு அவர் சிஸ்டர். பக்கத்து நாற்காலி, டெலிபோன் ஆபீஸ் புகார்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவருடையது. 'எப்ப சார் வாங்கப்போறீங்க?' என்று யார் கேட்டாலும் 'யோசிச்சிட்டிருக்கேன்' என்று சொல்லிச் சொல்லி, அவருக்கு யோசனை சார் என்றே பெயராகிவிட்டது.

உண்மையில் அவர் யோசித்தது சாப்பாட்டைப் பற்றி. வாடகையும் மாத்திரையும் போக, பென்ஷன் மாதத்தின் பாதியிலேயே மூச்சு வாங்கும். மிச்சப் பாதியை டெமோ மேஜையின் கேக்கும் காய்கறி வறுவலும்தான் தள்ளிக்கொண்டு போயின. வெளிநாட்டு மகன் போனில், "சாப்டீங்களாப்பா?" என்பான். "ஓ, கேக்கு" என்பார் பெருமையாக. வசதியாக இருக்கிறார் என்று மகன் நிம்மதியடைவான்.

டெமோ நடத்தும் பெண்ணுக்கும் இதில் நஷ்டமில்லை. முன்வரிசையில் இரண்டு பேர் ரசித்துச் சாப்பிட்டால் போகிறவர்களில் நாலு பேர் நிற்பார்கள். சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவதைப் பார்த்தே ஒரு தம்பதி பெரிய சைஸ் ஓவன் வாங்கியதுண்டு.

அப்புறம்தான் கடைக்கு வருகிற எல்லாருக்குமான ஆண்டு விழாக் குலுக்கல் வந்து கெடுத்தது. யோசனை சாருக்கு ஓவன் விழுந்துவிட்டது.

மேனேஜர் மாலை போட்டு போட்டோ எடுத்தார். "இனிமே தினம் இங்க அலைய வேண்டாம் சார். வீட்லயே ஜமாய்ங்க!"

சிஸ்டர் காதருகே குனிந்தார். "மாலை வேற போட்டுட்டான். கத முடிஞ்சுது போங்க."

ஓவனை மாட்ட வந்தவர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார்: "உள்ள ஒண்ணும் வெக்காம காலியா மட்டும் ஓட்டிடாதீங்க. கெட்டுப்போயிடும்."

ஃபிரிட்ஜில் தண்ணீர் பாட்டிலும் சொட்டு மருந்தும் இருந்தன. முதல் நாள் தண்ணீரைச் சூடு பண்ணினார். மறுநாள் ஒரு பன்னை வைத்தார். அது கல்லாகி வெளியே வந்தது. அதற்கப்புறம் வைக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் பொத்தானை அழுத்தினால் உள்ளே விளக்கு எரிந்தது, தட்டு சுற்றியது, கடைசியில் 'டிங்' என்று கூப்பிட்டது. அந்த வீட்டில் அவரை வேறு யாரும் கூப்பிடுவதில்லை. பொழுது போகாதபோதெல்லாம் அழுத்தினார். ஒரு நாள் உள்ளே நெருப்புப்பொறி பறந்து, ஓவன் வாயை மூடிக்கொண்டது.

கடைக்குப் போன் போட்டார்.

"உங்க புகார் பதிவாயிடுச்சு சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆயுள் முழுக்க அதே வாக்கியத்தை அதே குழைவோடு சொல்லிச் சம்பளம் வாங்கியவர் அவர். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? ஒருத்தனும் வரமாட்டான். நேரில் வந்து கத்துகிறவனுக்குத்தான் அந்தக் காலத்திலும் போன் சரியாகும்.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். டெமோ சூடு பிடித்திருந்த நேரம். கேக் மணத்துக்கு நல்ல கூட்டம்.

"வாங்க யோசனை சார், ஓவன் எப்படி?" என்றாள் அந்தப் பெண், கூட்டத்துக்குக் கேட்கும்படி. நல்லதாக நாலு வார்த்தை வரும் என்று நம்பிவிட்டாள்.

"செத்துப்போச்சும்மா."

வாங்க வந்தவர்கள் எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். மேனேஜர் ஓடிவந்தார். "கம்பெனி மேல தப்பிருக்காது சார். உள்ள என்ன வெச்சு ஓட்டினீங்க?"

"ஒண்ணும் வெக்கல."

"காலியா ஓட்டக் கூடாதுன்னு சொல்லித்தானே குடுத்தாங்க!"

"சொன்னாங்க. நானே மாசத்துல பாதி நாள் காலியாத்தான் ஓடுறேன். இது ஒரு வாரம் தாங்காதான்னு நெனச்சேன்."

யாரோ சிரிக்கத் தொடங்கி, அடுத்தவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். டெமோ பெண் கத்தியை எடுத்தாள். கேக்கில் வழக்கத்தைவிடப் பெரிய துண்டாக வெட்டித் தட்டில் வைத்து நீட்டினாள். மேனேஜர் தடுக்கவில்லை, அத்தனை கண்கள் அவர் மேல் இருந்தன.

"எனக்கும் அதே கம்ப்ளெய்ன்ட்தான்" என்று சிஸ்டர் கையைத் தூக்கினார்.

"உங்ககிட்ட ஓவனே இல்லையேம்மா!"

"ஓவனப் பத்தி யாருப்பா பேசினா?"

அவருக்கும் ஒரு துண்டு வந்தது. மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சார், நாளைக்கே மெக்கானிக்கை அனுப்பறேன். பதினோரு மணிக்கு வீட்ல இருங்க, போதும்."

"பதினோரு மணிக்கா?" வாய் நிறையக் கேக்கோடு, யோசனை சார் தன் பழைய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்த நேரத்துல நான் வீட்ல இருக்கமாட்டேனே."