மதார் பாய் சொன்ன கருத்து

ஷம்ஷாத் கற்பூரத்தை இடித்துக்கொண்டிருந்தாள். கொல்லையில் தார்ப்பாய் கட்டி அவள் புருஷன் மதார் சாகிபின் உடலைக் குளிப்பாட்டத் தொடங்கியிருந்தார்கள். கடைசித் தண்ணீரில் கலக்கக் கற்பூரம் கேட்டுக் குரல் வந்ததும் அவருடைய தங்கை ஜன்னத் சின்ன உரலை எடுத்து வந்தாள். ஷம்ஷாத் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளறை ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

“நீ எதுக்கு அண்ணி? இங்க குடு, நான் இடிக்கிறேன்.”

“வுடு ஜன்னத். கை சும்மா இருந்தா ஒரு மாதிரியா கீது.”

காலையிலிருந்து அவள் இன்னும் வாய்விட்டு அழவில்லை. விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு எழுப்பப் போனவளுக்குத் தோளைத் தொட்டதுமே விஷயம் தெரிந்துவிட்டது. மகன் அஃப்ரித்தைக் கூப்பிட்டாள். அதற்கப்புறம் ஆளாளுக்கு வந்து காரியத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். புருஷனை இழந்து இத்தா இருக்க வேண்டியவள், இனி அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது என்று அவளை உள்ளறையில் உட்கார வைத்து, சந்துப் பக்கத்து ஜன்னலுக்குப் போர்வையை மாட்டினார்கள். போர்வை பார்வையைத்தான் மறைக்கும். அந்தச் சந்தில் ஜன்னலுக்குக் கீழே நாற்காலி போட்டுப் பேசுகிறவன் பெருமூச்சு விட்டால்கூட உள்ளே கேட்கும்.

வந்திருப்பது யாரென்று குரலை வைத்தே ஊகித்தாள். ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள். டில்லிபாபுவின் ஜெராக்ஸ் கடை மாடியில் வாராவாரம் கூடுகிறவர்கள். அவரவர் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்லி, மற்றவர்கள் படிக்கலாமா வேண்டாமா என்று தீர்ப்பும் வழங்க வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மதார் சாகிப், ஞாயிறு வந்தால் புது மாப்பிள்ளை மாதிரி அத்தர் தடவிக்கொண்டு கிளம்பிவிடுவார். கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று கேட்டால் “அதெல்லாம் பெரிய விஷயம்” என்பதோடு சரி.

“பாய் ஒரு புக்க படிக்கலாம்னா கண்ண மூடிக்கினு படிக்கலாம்.” இது டில்லிபாபு. “வேணா நைனான்னா தொடக்கூடாது. இன்னா மண்டைப்பா அது!”

“அந்த மீன்புடிக்கிற ஊட்டு நாவல் ஞாபகம் கீதா?” என்றார் எண்ணூர்ப் பக்கத்து வேலப்பன். “நாம அல்லாரும் கடல் வர்ணன சூப்பர், பொயலு சூப்பர்ன்னு பேசிக்கினு இருந்தோம். பாய் கடைசியா இன்னா சொன்னாரு? ‘முந்நூறு பக்கத்துல அந்த ஊட்டுப் பொம்பள ஒரு தபா கூட குந்தலியே, அவளுக்குக் காலு வலிக்காதா’ன்னாரு. நான் அத்த ரெண்டு தபா படிச்சவன். எனக்குத் தோணல பாரு.”

உரலில் இருந்த கை நின்றது.

காலு வலிக்காதா. அவள் சொன்னது. வார்த்தை மாறாமல் அவள் சொன்னது.

சர்க்கரை வியாதி கண்ணில் இறங்கிய பிறகு மதார் சாகிபுக்கு எழுத்தெல்லாம் கலங்கிப்போயின. தெரு தெரியும், ஆள் தெரியும், படிக்க மட்டும் முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்காரர்களுக்கு அது தெரியவே கூடாது என்று சத்தியம் வாங்காத குறை. அன்றிலிருந்து சாயங்காலம் அசருக்கும் மஃரிபுக்கும் நடுவில் ஷம்ஷாத் அவருக்குப் படித்துக் காட்டினாள். பத்தாவது வரைக்கும் படித்தவள், நிறுத்தி நிதானமாக, ஆளுக்கொரு குரலில் படிப்பாள். முடித்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டே கேட்பார். “உனக்கு இன்னா தோணுது?”

அவளும் தோன்றியதைச் சொல்வாள். அதற்கு மதார் சாகிபின் பதில் எப்போதும் ஒன்றுதான். “உன் புத்தி அடுப்பாங்கரைய தாண்டாதுடி. அவங்கல்லாம் எவ்ளோ பெரிய ஆளுங்க. போ, டீ போடு.”

அவளும் போய் டீ போடுவாள். பெரிய புத்தகத்தில் சின்ன விஷயத்தைப் பார்க்கிற புத்தி தனக்கு என்று வெட்கப்பட்டுக்கொண்டே இஞ்சியைத் தட்டுவாள். அடுத்த நாள் அவர் மறுபடி கேட்பார். கேட்கிறாரே, அந்த மட்டும் மனுஷன் நல்லவர் என்று அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருக்கும். இப்போதல்லவா தெரிகிறது, அய்யா எதற்குக் கேட்டார் என்று. டீயையும் குடித்துவிட்டு, சொன்னதையும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

ஜன்னலுக்கு வெளியே அவர்கள் நிறுத்தவில்லை. சிறையிலிருந்து திரும்பி வருகிறவனைப் பற்றிய கதைக்கு பாய் சொன்னது, டீ எஸ்டேட் கதைக்கு பாய் சொன்னது என்று ஒன்றன் பின் ஒன்றாக எடுத்து வைத்தார்கள். எல்லாம் அவளுடைய சொத்து. ஒன்றில்கூட ‘எங்க வூட்ல சொன்னா’ என்ற ஒரு சொல் இல்லை.

“அண்ணி, போதும். மாவா போச்சி பாரு,” என்று ஜன்னத் உரலை வாங்கிக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். சுடிதார் துப்பட்டாவைத் தலைக்குப் போட்டிருந்தாள். தண்டையார்பேட்டையில் ஏதோ கிளினிக்கில் நர்ஸ் என்றும் பெயர் ஷாலு என்றும் சொல்லி, ஷம்ஷாத்தின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது அவள் மூக்கு சிவந்திருந்தது. பெற்ற மகள் ரூஹி ஓசூரிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. அதற்குள் இவள் மகளைப்போல அழுதுவிட்டு வந்திருக்கிறாள்.

“பாய் போய்ட்டாருன்னு நம்பவே முடியலம்மா. போன வாரம்கூட எங்க எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தாரு.”

“உம்,” என்றாள் ஷம்ஷாத்.

“கூட்டத்துல நான் ஒருத்திதான் பொண்ணு. ஆனா பொம்பளைங்க மனசு பாய்க்குத்தான் தெரியும். நான்லாம் அவருகிட்ட பிச்சை வாங்கணும். குழந்தை செத்துப்போற நாவல் ஒண்ணு படிச்சாரே, உங்ககிட்ட சொல்லிருப்பாரே?”

ஷம்ஷாத் அவள் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள்.

“அதுல அந்தம்மா, குழந்தைய பொதைச்ச மாசமே தலை நெறைய மல்லி வெச்சிக்கினு கல்யாணத்துக்குப் போவா. நாங்க யாரும் அத்த கவனிக்கல. பாய்தான் கேட்டாரு. ‘புள்ள செத்தா மாருல பால் நிக்காம வரும். கல்லு மாதிரி கட்டிக்கும். அது வத்துறதுக்கு மல்லிப்பூவ வெச்சித்தான் கட்டுவாங்க. அந்த வாசன மண்டையில ஏறிப்போன பொம்பள ஆயுசுக்கும் மல்லி வைப்பாளா? எழுதினவருக்கு ஒண்ணும் தெரியல’ன்னாரு. நான் நர்ஸும்மா. எனக்கே அது ஒறைக்கல. அன்னிக்கி வூட்டுக்குப் போய் அழுதேன்.”

“எல்லாரும் இருந்தாங்களா?”

“ஃபுல்லா இருந்தாங்க. எழுந்து நின்னு கை தட்டுனோம்.”

“கை தட்டுனீங்களா?”

“ஆமாம்மா. எப்டி பாய் உங்களுக்கு இதெல்லாம் தெரியும்னு கேட்டேன். சிரிச்சாரு. படிக்கப் படிக்கத் தானா வரும் பாப்பான்னாரு.”

அவளுடைய தலைப்பிள்ளை. பெயர் வைக்கும் முன்பே போய்விட்டான். அவர் அப்போது துறைமுகத்தில் ராத்திரி ஷிப்ட். அவள் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அவளுக்குப் பூவை வைத்துக் கட்டியதும், பூ வாடி வாடி மாற்றியதும், அவள் ரவிக்கையைப் பல்லால் கடித்துக்கொண்டு கிடந்ததும் அவருக்குத் தெரியாது. மல்லிகை வைத்தால் தலைவலி என்றே அவள் ஊருக்குச் சொல்லி வந்தாள். ரூஹியின் கல்யாணத்தில்கூட அதைத்தான் சொன்னாள். அந்த நாவலைப் படித்த அன்றைக்குத்தான், புத்தகம் மடியில் கிடக்க, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவரிடம் சொன்னாள். அவர் வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. டீ போடச் சொல்லவும் இல்லை. மனுஷனுக்கு மனசு தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அன்று ராத்திரி அவருக்குப் பிடித்த கீமா செய்து போட்டாள்.

மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

“நீங்க குடுத்து வெச்சவங்கம்மா,” என்றாள் ஷாலு.

ஷம்ஷாத்துக்கு எரிந்தது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. புருஷன் இன்னொருத்தி வீட்டுக்குப் போனார் என்று யாராவது சொல்லியிருந்தால்கூட, சரி, எங்கேயும் நடப்பதுதான் என்று ஒரு மூச்சு அழுதிருப்பாள். இது துரோகம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஒரு நாவலைப் பற்றி நான் சொன்ன கருத்தை அவர் சொன்னார் என்றால், சாவு வீட்டில் இவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்பார்கள்.

குளிப்பாட்டித் துணி சுற்றிய மையத்தைக் கூடத்தில் கொண்டுவந்து கிடத்தினார்கள். ஆண்களை வெளியே அனுப்பிவிட்டுப் பெண்களை முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். வெள்ளைத் துணிக்குள் மதார் சாகிபின் முகம் மட்டும் தெரிந்தது. நல்ல தூக்கத்தில் கதை கேட்கிறவர் மாதிரிதான் இருந்தார். பெண்கள் வரிசையாக வந்து பார்த்து விலகினார்கள். ஷம்ஷாத் தலைமாட்டில் நின்றாள். கற்பூர வாசனை தூக்கலாக இருந்தது.

ஜன்னத் அவள் தோளில் கை வைத்தாள். “அண்ணி, சொல்லிடு.”

சந்தூக்குப் பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் பெண்டாட்டி சொல்ல வேண்டியது. கூட வாழ்ந்ததில் தெரிந்தோ தெரியாமலோ செய்த குற்றம் குறையை அல்லாவுக்காகப் பொறுத்துக்கொண்டேன் என்று ஒரு வார்த்தை. அந்தத் தெருவில் யாரும் அது சொல்லாமல் மையத்தை அனுப்பியதில்லை. அவள் மாமியார் சொன்னாள். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனைப் பறிகொடுத்த எதிர்வீட்டுக்காரிகூடச் சொன்னாள்.

ஷம்ஷாத் அந்த முகத்தைப் பார்த்தாள். அவருடைய கோபத்தை, தட்டைத் தள்ளிவிட்ட நாட்களை, அவள் அம்மாவை ஒரு பக்ரீதுக்குக் கூப்பிடாமல் விட்டதை எல்லாம் என்றைக்கோ பொறுத்தாயிற்று. அவள் கணக்கில் அதெல்லாம் இல்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்து, ‘நீ சொன்னத சொன்னேன்டி, கை தட்டுனாங்க’ என்று சொல்லியிருந்தால் போதும். மாடியிலேகூடச் சொல்ல வேண்டாம், சமையலறையில், அவள் காதோடு. அதற்குப் பதிலாகக் கைதட்டலை வாங்கிக்கொண்டு வந்து, அடுத்த நாளும் உன் புத்தி அடுப்பாங்கரையைத் தாண்டாது என்று சொன்ன வாய் இது. இப்போது மூடிக் கிடக்கிறது.

“அண்ணி, ஒரு வார்த்த. பொறுத்துக்கிட்டேன்னு சொல்லு.”

அவள் வாய் திறக்கவில்லை.

வாசலில் நின்று அஃப்ரித் குரல் கொடுத்தான். “அம்மா, லொஹர் தொழுகைக்கு நேரமாவுது. ரூஹிக்காக இனிமே நிக்க முடியாது. பள்ளிவாசல்ல ஹஜரத் நின்னுக்கினு கீறாரு.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு கிழவி, “பாவம், நாக்கு எழல பொண்ணுக்கு,” என்றாள். “சீதேவி மாதிரி வாழ்ந்துச்சி.” இன்னொருத்தி தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். ஷம்ஷாத்துக்கு நாக்கு நன்றாகவே எழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிடித்து வைத்திருந்தாள். யாராவது, ஏன் சொல்லவில்லை என்று ஒரு தடவை கேட்டிருந்தால் அவ்வளவையும் கொட்டியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

“சொல்லிட்டாங்க,” என்று ஜன்னத் வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். “அண்ணி பொறுத்துக்கிட்டேன்னு சொல்லிட்டாங்க. தூக்குங்கப்பா.”

ஷம்ஷாத் திரும்பி அவளைப் பார்த்தாள். அதற்குள் இளவட்டங்கள் உள்ளே வந்துவிட்டார்கள். யாரோ ஷம்ஷாத்தின் முந்தானையை முகம் வரை இழுத்துவிட்டு உள்ளறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கலிமா சொல்லும் சத்தம் எழுந்தது, வாசல்படி தாண்டியது, சந்தில் இறங்கியது. வேலப்பனும் டில்லிபாபுவும் தோள் கொடுக்க முண்டியடித்தது ஜன்னல் வழியே கேட்டது. “பாய், பாய்” என்று டில்லிபாபு குழந்தை மாதிரி அழுதார்.

உள்ளறையில் ஷாலு மட்டும் இருந்தாள். மற்ற பெண்கள் வாசலுக்குப் போய்விட்டார்கள்.

“நான் சொல்லல,” என்றாள் ஷம்ஷாத்.

“இன்னாம்மா?”

“பொறுத்துக்கினேன்னு நான் சொல்லல. அவ சொன்னா.”

கையைப் பிடித்துக்கொள்ள வந்த ஷாலு பாதியில் நிறுத்தினாள்.

“அந்தப் பால் கட்டுனது எனக்கு,” என்றாள் ஷம்ஷாத்.

ஷாலு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பட்டா தலையிலிருந்து நழுவித் தோளில் விழுந்தது. அதை எடுத்துப் போட்டுக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை. சந்து முனையில் ஜனாஸா ஊர்வலத்துக்கு வழிவிட்டு எஞ்சினை அணைத்திருந்த கண்டெய்னர் லாரி மறுபடி உறுமிக் கிளம்பியது. அது போய் முடிகிற வரைக்கும் ஜன்னல் கம்பி அதிர்ந்துகொண்டிருந்தது.