மட்டக்கோல் வீட்டுச் சரிவு

பத்திரம் பதிவான அன்று சாயங்காலமே கொத்தனாரின் புது வீட்டுத் தரை அவர் பக்கமாகச் சரிந்துவிட்டது. அவர் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் அந்த மூலை பள்ளம், மற்றதெல்லாம் மேடு. ஊரில் பாதி வீடுகளுக்குத் தரை போட்டவர், மட்டம் பிசகாதவர். 'மட்டக்கோல்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வீட்டுக்காக அவர் மனைவி கல் சுமந்தாள், கலவை குழைத்தாள், கழுத்திலும் கையிலும் கிடந்ததையெல்லாம் கழற்றி விற்றாள். பத்திரத்தில் ஏறியது அவர் பெயர் மட்டும். அவள் கேட்டதற்கு, "நான் வேற நீ வேறயா?" என்றார். தரைக்கு அது தெரியவில்லை, பாவம்.

அதற்குப் பிறகு அவள் வைத்த பொருள் வைத்த இடத்தில் நின்றதில்லை. டம்ளர், சீப்பு, நூல்கண்டு எல்லாம் உருண்டும் வழுக்கியும் அவர் காலடிக்குப் போயின. அடுப்படியை அவர் எட்டிப் பார்த்ததே கிடையாது என்பதால் அது எப்போதும் உச்சி மேட்டில்தான் இருந்தது. மூன்று வேளையும் ஏறிப் போய்ச் சமைத்தாள். வாத்தியார் பிள்ளை மக்கு என்று தெரு சிரித்தது. மானம் போகிறதே என்று மூன்று தடவை தரையைப் பெயர்த்துப் போட்டார். ரசமட்டத்தை வைத்தால் குமிழி நட்டநடுவில் நிற்கும். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொம்பு உருண்டு வந்து முட்டியில் இடிக்கும். இப்படியே முப்பது வருடம் போயிற்று.

ஒருநாள் அவள் பெட்டியைக் கட்டினாள். "வெச்ச பொருள் வெச்ச இடத்துல இருக்கணும், வேற ஒண்ணும் வேணாம் எனக்கு. எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்," என்றாள். வாசலைத் தாண்டுவதற்குள் பெட்டியும் கைநழுவி அவரிடமே ஓடிவந்து திறந்துகொண்டது. உள்ளே இரண்டு புடவை, ஒரு சீப்பு. அவ்வளவுதான். அவருக்கு வெட்கமாக இருந்தது. பெட்டியை மூட வெகுநேரம் ஆயிற்று.

மறுநாளே பாதி வீட்டை அவள் பெயருக்கு எழுதிக்கொடுத்தார். பத்திர ஆபீசிலிருந்து இருவரும் திரும்பி வந்தபோது தரை மட்டமாகியிருந்தது. அவள் ஒரு டம்ளரைக் கீழே வைத்தாள். நின்றது. அதைப் பார்த்துக் கொஞ்சம் அழுதாள். பிறகு அடுப்படிக்குப் போகக் கால் எடுத்தவள் முதல் அடியிலேயே தடுமாறினாள். மேடு ஏறிப் பழகிய காலுக்குச் சமதரை பிடிபடவில்லை. அவர் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார்.

"விடுங்க. இனிமே உருண்டு வர மாட்டேன்," என்றாள்.

இப்போதும் அவள் கொஞ்சம் முன்னால் குனிந்துதான் நடக்கிறாள். தெருவில் யாரும் ஏனென்று கேட்பதில்லை. எந்த வீட்டில் இருந்தவள் என்று அவர்களுக்குத் தெரியும்.