நீல மான்

"ரேடியேற்றருக்கு மேலயோ வச்சனீங்கள், அக்கா?"

எட்வேட் தூக்கிய கிண்ணம் சூடாக இருந்தது. அவன் மனைவி இசபெல் முன்னறையில் பெட்டிக்குள் கிடந்தாள். அவளுடைய தமக்கை மரியமலர் மேசையில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பின்னை? செத்தவீட்டுக்கு வாற சனம் கோப்பையைத் தலையிலயோ வைக்கிறது?"

கிண்ணத்தின் உட்புறத்தில் பாசிமணிகள் பதித்த ஒரு நீல மான் இருந்தது. இப்போது முகம் வழிந்து, அடியில் மணிக்குவியலாகக் கிடந்தது.

மெக்சிக்கோ மலைகளில் விச்சோல் மக்கள் நேர்த்திக்கடனுக்கு வைக்கும் கிண்ணம் அது. லூயிஷாம் நூலகத்துக்கு வந்திருந்த விச்சோல் பெண் ஒருத்தியிடம் இசபெல் அதைச் செய்யப் பழகிக்கொண்டாள். பாதிச் சுரைக்குடுவை; உள்ளே தேன்மெழுகும் பைன் பிசினும் கலந்த பூச்சு. ஊசிமுனையில் ஒவ்வொரு மணியாக எடுத்து, துளை மேலே பார்க்க அழுத்த வேண்டும். மெழுகு இளக அங்கே வெயில் உண்டு. லூயிஷாமில் வீட்டைச் சூடாக்கும் ரேடியேற்றர்தான் சூரியன். சற்றுக் காட்டி எடுத்துவிட வேண்டும். காலையிலிருந்து வைத்தால் மான் இறங்கிப் போய்விடும்.

நோயில் ஊசி பிடிக்க ஏலாமல் போகுமுன் இசபெல் அதை முடித்துவிட்டாள். "என்ர கையில வச்சு அனுப்புங்கோ" என்றாள். கணவனிடம் அவள் கேட்டவற்றில் அவன் மறுத்துப் பேசாதது அது ஒன்றுதான்.

எட்வேட் ஜன்னலைத் திறந்து ஜனவரிக் குளிரில் கிண்ணத்தைப் பிடித்தான். மெழுகு வழியாத அளவுக்கு இறுகியது. ஊசியை எடுத்தான்.

"கையில செபமாலை இருக்கு. அது காணாதோ?" என்றாள் மரியமலர். "பாதர் கேட்டா என்ன சொல்லுறது?"

"மான் எண்டு சொல்லுங்கோ."

சவ ஊர்தியோடு வந்த இருவர் தொப்பிகளைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்து நின்றார்கள். எட்வேட் நிமிரவில்லை. கொம்பு வந்தது. காதும் ஒருமாதிரி வந்தது.

மரியமலர் எட்டிப் பார்த்தாள்.

"இது ஆடெல்லோ."

"தெரியுது, அக்கா."

"ஆட்டோட போனா அவளை அங்க சிரிப்பினம். இஞ்ச தாரும்."

ஊசியைக் கிட்டப் பிடித்தாள், தள்ளிப் பிடித்தாள். முனை தெரியவில்லை. பெட்டியருகே போய்க் குனிந்து, தங்கையின் முகத்திலிருந்த கண்ணாடியைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டாள்.

"கறுப்பு மணி எங்க?"

எட்வேட் எடுத்துக் கொடுத்தான். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு தொப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு கதிரைகளில் உட்கார்ந்தார்கள்.

இசபெலின் மூக்கின் இரு பக்கமும், கண்ணாடி பதிந்த இரண்டு சின்னப் பள்ளங்கள் இருந்தன.